பவர் இல்லாத கண்ணாடி

அந்தத் தெருவில் எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடை அவருடையது அல்ல, முதலாளி வேறு. ஆனால் லென்ஸை வெட்டுவதும், ஃப்ரேமில் பொருத்துவதும், மூக்கில் ஒழுங்காக உட்காரும்படி வளைத்துக் கொடுப்பதும் அவர் கைதான். பிள்ளைக்குப் பவர் இருக்கிறது என்று கேட்டதும் முகம் வாடிப்போகிற தாய்மார்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். "மைனஸ் மூணுதாம்மா. உலகத்துல பாதிப் பேரு மூக்குல இதுதான் உட்கார்ந்திருக்கு" என்று திருகாணியை முடுக்கிக்கொண்டே சொல்வார். அந்த அம்மாள் சிரித்துவிடுவாள். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, சிலிண்டர் பவர் எல்லாம் அவர் வாயில் தக்காளி, வெங்காயம் போலச் சாதாரணமாக வரும்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு சொல் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

அவருடைய ஒரே மகளை வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். நான்காம் வகுப்பு. கதை சொல்லச் சொன்னால் வாய் ஓயாது. ஒருமுறை கேட்ட பாட்டு மனதில் ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் குரல் உள்ளே போய்விடும். பள்ளிக்கூடத்தில் பல சோதனைகள் செய்து பார்த்துவிட்டு, சிறப்பாசிரியை பெற்றோர் இருவரையும் வரச் சொல்லியிருந்தார்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த சிறிய அறை அது. நாற்காலிகள் எல்லாம் குழந்தைகளுக்கானவை. கண்ணாடிக்காரரின் முழங்கால் நெஞ்சுவரை வந்தது. சிறப்பாசிரியை நிதானமாகவே பேசினார். இதைப் பொதுவாகக் கற்றல் குறைபாடு என்கிறோம், அதில் இவளுக்கு இருப்பது வாசிப்பு சம்பந்தப்பட்டது, டிஸ்லெக்ஸியா என்பார்கள் என்றார். அறிவுத்திறன் குறைபாடு என்பது வேறு, இது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றார். சோம்பேறித்தனமும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. கண், காது இரண்டையும் பரிசோதித்தாயிற்று, நன்றாகவே இருக்கின்றன. எழுத்தையும் அதன் ஒலியையும் சேர்த்துப் பிடிக்க இவளுக்கு வேறு வழியில் சொல்லித்தர வேண்டும். அதற்குத் தினமும் தனி வகுப்பு, பரீட்சையில் கூடுதல் நேரம், கேள்வியை வாசித்துக் காட்ட ஒரு ஆள் என்று ஏற்பாடு செய்யலாம். பெற்றோர் சம்மதம் சொன்னால் போதும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுக் கண்ணாடிக்காரர் மனதில் எடுத்துக்கொண்டது 'குறைபாடு' என்ற ஒன்றை மட்டும்தான்.

கடைசியாக சிறப்பாசிரியை கேட்டார்: "வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா சார்? சில குடும்பத்துல வழிவழியா வரும்."

"இல்ல" என்றார் அவர், கேள்வி முடிவதற்குள்.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் போர்டைப் பார்க்காமல் கண்டக்டரிடமே கேட்டு ஏறுகிற மனுஷன். கைப்பேசியில் ஒருவரி எழுதாமல் எல்லாவற்றையும் குரலிலேயே பேசி அனுப்புகிற மனுஷன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கண்ணாடிக் கடைக்கு எடுபிடி வேலைக்கு வந்த மனுஷன். அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அந்நியர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று இருவரும் எழுந்து வந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பாடு.

அண்ணன் வங்கியில் பெரிய பதவி. தம்பி மேல் உயிர். ஆனால் சின்ன வயதில் தம்பிக்கு வைத்த பட்டப்பெயரை மட்டும் இன்னும் விடவில்லை. "வாடா மண்டு" என்று வாசலிலேயே கட்டிப்பிடித்து வரவேற்பார். தம்பியும் சிரிப்பார். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்டு முடிந்ததும் அண்ணன் செய்தித்தாளைப் பிரித்துவைத்து, பிள்ளைகளை ஆளுக்கொரு செய்தி உரக்க வாசிக்கச் சொல்வார். நன்றாக வாசித்தால் தட்டிக்கொடுப்பார். தடுமாறினால் அவரே நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பார். அவர் மனதில் அது அன்பின் விளையாட்டு.

அன்று அண்ணன் மகள் மடமடவென்று வாசித்துவிட்டாள். தடித்த கண்ணாடி போட்டவள், சோடாபுட்டி என்று கூப்பிட்டால் "என்ன?" என்று கூச்சமே இல்லாமல் திரும்புவாள். அடுத்தது சிட்டுவின் முறை. சிட்டு தாளைப் பிடித்தாள். முதல் சொல்லிலேயே நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சின்ன மண்டு ரெடியாகுதோ?" என்றார்.

கண்ணாடிக்காரருக்குக் காது மடல் சூடானது. "அவளுக்குக் கண்ணு சரியா தெரியல அண்ணே. பவர் இருக்கு. கண்ணாடி போடணும்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? அண்ணன் உடனே தாளை வாங்கி மடித்துவிட்டார். பாவம், குழந்தையைப் போய் வருத்தப்படுத்திவிட்டோமே என்றார். அண்ணி சிட்டுவை மடியில் இழுத்துக்கொண்டாள். சோடாபுட்டி, "வா வா, நம்ம கட்சிக்கு ஆள் சேருது" என்றாள். ஒரே ஒரு பொய் ஒரு கூடம் நிறையப் பேரை நல்லவர்களாக்கிவிட்டது. பொய்யின் ஆபத்தே அதுதான். அது முதலில் எல்லோருக்கும் நல்லதைச் செய்வது போலத்தான் வரும்.

ஆனால் சொன்ன வாயோடு விட முடியாது. அடுத்த முறை போகும்போது மூக்கில் கண்ணாடி இருக்க வேண்டும்.

தினமும் காலையில் கடைக் கதவைத் தூக்குவதற்கு முன்னால் கண்ணாடிக்காரர் கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்பார். 'இன்றைக்கு யாரையும் ஏமாற்றாமல் இருக்க வை, கடவுளே' என்பது மட்டும்தான் அவருடைய வேண்டுதல். மறுநாள் அப்படி நிற்கவில்லை. நேரே உள்ளே போய் இளஞ்சிவப்பு ஃப்ரேம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பவர் இல்லாத வெறும் லென்ஸை எடுத்து இயந்திரத்தில் வைத்து வெட்டினார். வெளிச்சத்தில் பச்சையாக மினுங்கும் பூச்சு உள்ளதாகப் பார்த்து எடுத்தார், நிஜம் போலத் தெரிய வேண்டுமே என்று. ஓரத்தைத் தேய்த்தார், பொருத்தினார். கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தபோது, இவ்வளவு அழகாக வேறு யாருக்கும் செய்து கொடுத்ததில்லை என்று தோன்றியது. யாருக்கு என்று முதலாளி கேட்டார். பெண்ணுக்கு என்றார். பவரா என்று கேட்டதற்கு "ம்" என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் மனைவி அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இத்தனை வருடம் கண்ணாடிக்காரரோடு குடும்பம் நடத்தியவள்.

"ஏங்க, பொய்க்கு ஃப்ரேம் போட்டுக் கொண்டு வந்திருக்கீங்களே" என்றாள் மெதுவாக.

"கொஞ்ச நாளைக்குத்தான். பெரிய பரீட்சை வர்றதுக்குள்ள யோசிச்சுக்கலாம்."

"குழந்தைகிட்ட என்ன சொல்வீங்க?"

அதை அவர் யோசிக்கவே இல்லை. ஊருக்குத்தான் பொய் தயார் செய்திருந்தார்; அதைச் சுமக்கப்போகிறவளை மறந்துவிட்டார். அதற்குள் சிட்டு ஓடி வந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டாள். "இது போட்டா படிக்க வருமாப்பா?" என்று கேட்டாள். அவர் வரும் என்றார்.

அன்றிலிருந்து சிட்டு மாறிவிட்டாள். யாரும் சொல்லாமலே புத்தகத்தை எடுத்துவைத்து உட்கார்ந்தாள். கண்ணாடியோடு அவர் கொடுத்திருந்த மெல்லிய துணியால் துடைப்பாள். ஒரு வரியைப் பார்ப்பாள். நிற்பாள். கழற்றி மறுபடி துடைப்பாள். வெளிச்சம் போதவில்லையோ என்று ஜன்னல் பக்கம் நகர்வாள். வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுகிறபோது, அந்தத் துணி கண்ணாடியில் உரசுகிற சின்னச் சத்தம் அவர் காதில் விழும். முகம் கழுவும் சாக்கில் குளியலறைக்குள் போய்விடுவார்.

சம்மதம் வராததால் சோதனை முடிவு வகுப்பாசிரியைக்கு இன்னும் போகவில்லை. அவர் அவளை முன் வரிசைக்கு மாற்றினார். இப்போதுதான் கண் தெரிகிறதே என்று தினமும் எழுப்பி வாசிக்கச் சொன்னார். வராதபோது, கண்ணாடி போட்ட பிறகும் வரவில்லை என்றால் அது திமிர்தான் என்றாராம். மனைவி இதைச் சொன்னபோது அவளுக்குக் குரல் உடைந்தது. சிறப்பாசிரியையும் தொலைபேசியில் கூப்பிட்டார். கண்ணாடி போட்டிருக்கிறோம், கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார் இவர். பிறகு, பவர் எவ்வளவு சார் என்று சாதாரணமாகக் கேட்டார் சிறப்பாசிரியை. ஊரில் உள்ள அத்தனை பேரின் பவரையும் மனதில் வைத்திருக்கிறவருக்குச் சொல்ல எண் இல்லை. கம்மிதான் என்று முனகிவிட்டு வைத்தார்.

மறுபடி அண்ணன் வீட்டுச் சாப்பாடு வந்தது. சிட்டு போகமாட்டேன் என்றாள். வயிறு வலிக்கிறது என்றாள். ஆனாலும் போனார்கள்.

சாப்பாடு முடிந்து அண்ணன் செய்தித்தாளை எடுப்பதற்குள், பிள்ளைகள் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். சிட்டு சோடாபுட்டியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தரை ஆடுகிறது என்று தள்ளாடினாள். சோடாபுட்டி சிட்டுவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

"சித்தப்பா, இது போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். எனக்கு எல்லாம் மங்கலாவே இருக்கு" என்றாள்.

உன் பவர் வேறு, அவள் பவர் வேறு என்று சமாளித்துப் பார்த்தார் அவர். அண்ணன் கையை நீட்டிக் கண்ணாடியை வாங்கினார். செய்தித்தாளுக்கு மேல் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினார். எழுத்து பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை, நகரவும் இல்லை. இந்த வித்தையை எப்போதோ தம்பிதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"டேய் மண்டு, இது வெறும் கண்ணாடிடா. கண்ணாடிக் கடையிலேயே இருந்துக்கிட்டு பொண்ணுக்கு ஜன்னலை மாட்டி விட்டிருக்கே" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். சிட்டுவும் பார்த்தாள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடவுள் கதவைத் திறந்துதான் வைத்திருந்தார். கண்ணாடிக்காரர் வேறு வழியில் நுழைந்தார்.

"நான் சரியாத்தான் போட்டேன் அண்ணே. பள்ளிக்கூடத்துல யார்கிட்டயாவது கொடுத்து மாத்திக்கிட்டிருப்பா" என்றார்.

சிட்டு எழுந்து நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. திருடி மாட்டிக்கொண்டவளைப் போல ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருந்தது.

"நான் மாத்தலப்பா. ரொம்பத் துடைச்சிட்டேன். அதான் பவர் அழிஞ்சு போச்சு" என்றாள்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. அண்ணனுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. சோடாபுட்டி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மனைவி மட்டும் எழுந்து சமையலறைக்குப் போனாள்; குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அண்ணியும் சிரிக்கவில்லை. அவள் கொழுந்தனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் சிட்டு அவரிடம் வந்தாள். காதருகே குனிந்து, "உங்க முதலாளி உங்களைத் திட்டுவாராப்பா? நான் வேணா வந்து சொல்லிடறேன்" என்றாள்.

அவரைக் காப்பாற்ற வந்திருந்தாள். தான் செய்யாத தப்பை எடுத்துக்கொண்டு, அதோடு கூட அவரையும் தோளில் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். கண்ணாடிக்காரருக்கு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை. தன் மகளின் முன்னால் இவ்வளவு சிறியவராக அவர் என்றும் இருந்ததில்லை.

"பவர் அழியல. அதுல பவரே இல்ல. நான்தான் வெறும் லென்ஸைப் போட்டேன்" என்றார்.

அண்ணன் இன்னும் பாதிச் சிரிப்பில் இருந்தார். என்னடா சொல்கிறாய் என்று கேட்டார். கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவள் கண்ணில் ஒன்றும் இல்லை. அவளுக்கு இருப்பது டிஸ்லெக்ஸியா. பள்ளிக்கூடத்தில் நன்றாகவே விளக்கிச் சொன்னார்கள். அந்தச் சொல்லை இந்த வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் இதைச் செய்தேன். பிறகு, யாரும் கேட்காமலே இன்னொன்றையும் சொன்னார். "அது எனக்கும் இருக்கு. சின்ன வயசுல அதுக்குப் பேரு தெரியாது. அவ்வளவுதான்."

அண்ணன் செய்தித்தாளை மடித்தார். மறுபடி மடித்தார். மடிக்க இனி இடமில்லாதபோதுதான் நிறுத்தினார்.

"நான் மண்டு மண்டுன்னு கூப்பிடறப்பல்லாம் நீ சிரிப்பியேடா" என்றார்.

"வேற என்ன பண்றது அண்ணே."

சோடாபுட்டி சத்தமில்லாமல் வந்து சிட்டுவின் மூக்கிலிருந்து தன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டாள். இனிமேல் நான் வாசிக்கிறேன், நீ கதை சொல்லு, சரியா என்று அவள் தோளை இடித்தாள். சிட்டு அப்பாவைப் பார்த்தபடியே நின்றாள்.

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"தெரிஞ்சேதான்மா."

"நான் தினமும் துடைச்சேனே" என்றாள் சிட்டு.

உன் மேல் தப்பே இல்லை என்றார். அவள் அம்மாவைத் தேடிச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் சிட்டு அம்மாவோடு உட்கார்ந்தாள். அவர் பின் இருக்கையில் தனியாக உட்கார்ந்து அவளுடைய பின்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டிலும் அவரிடம் அவள் பேசவில்லை. கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். மனைவி திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவளோ தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, நாளைக்குக் கடைக்கு நேரம் கழித்து வருவேன் என்று சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மூவரும் பள்ளிக்கூடம் போனார்கள். சிறப்பாசிரியையின் அறைக்குப் போவதற்கு முன் அவர் வகுப்பு வாசலில் நின்றார். வகுப்பாசிரியை வெளியே வந்தார். உள்ளே பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. குழந்தை திமிர் பண்ணவில்லை, கண்ணாடி பொய், அதைக் கொடுத்தது நான் என்றார். அவருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. வகுப்பாசிரியை சிட்டுவின் பக்கம் திரும்பி, "நானும் உன்னைத் தப்பா பேசிட்டேன்" என்றார். அதை எத்தனை பேர் சொல்வார்கள்? அவரை அந்தக் கடவுள்தான் நன்றாக வைத்திருக்க வேண்டும்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் கண்ணாடிக்காரர் சம்மதம் என்றார். "போன தடவை ஒண்ணு கேட்டீங்க. இல்லைன்னேன். எனக்கு இருக்குங்க" என்றார். சிறப்பாசிரியை ஆச்சரியப்படவில்லை, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கவும் இல்லை. பக்கத்து அறைக்குப் போய் பெரியவர்கள் உட்காரும் நாற்காலி ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டு, உட்காருங்க சார் என்றார்.

தனி வகுப்பு அன்றே தொடங்கியது. பெற்றோர் வெளியே இருக்கலாம் என்றார்கள். மனைவி வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அவர் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார். கதவுக்குப் பின்னால் சிட்டுவின் குரல் கேட்டது. ஓர் ஒலி, ஒரு நிறுத்தம், மறுபடி அதே ஒலி. மணல் தட்டில் விரலால் எழுதி எழுதிச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அவரை அறியாமல் அவர் ஆள்காட்டி விரலும் வேட்டித் தொடையின் மேல் அந்த எழுத்தைப் போட்டுப் பார்த்தது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஒருகணம் கையை இழுத்துக்கொண்டார். பிறகு மறுபடி போட்டார்.

சிட்டு வெளியே வந்தபோது விரல் நுனியில் மணல் ஒட்டியிருந்தது. எப்படி இருந்தது என்று கேட்டார். அவள் தோளைக் குலுக்கினாள். சிறிது தூரம் நடந்து, வகுப்புக்குத் திரும்புகிற இடத்தில் நின்றாள்.

"நாளைக்கு என்னைக் கொண்டுவந்து விட அம்மா வரட்டும்" என்றாள்.

"சரிம்மா."

எல்லாவற்றையும் ஒரேயடியாக மன்னித்துவிடு என்று கேட்க அவருக்கு என்ன முகம் இருக்கிறது? அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். வாசல் வரை போயிருப்பார். பின்னாலிருந்து செருப்புச் சத்தம் ஓடிவந்தது. சிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல், அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னாள்.

"நாளான்னைக்கு நீங்க வாங்க."